முகத்துவாரக் கரையில் பத்து நிமிஷப் படம்

கம்பெனியின் சவுண்டு வண்டியைக் கடலில் இறக்கியவன் நான்தான். இதில் யாருக்கும் மாற்றுக் கருத்து கிடையாது. வண்டியின் டிரைவர் இன்றைக்கும் கல்யாண வீடுகளில் என்னை இப்படித்தான் அறிமுகம் செய்து வைக்கிறார்.

அப்போது எங்கள் கம்பெனி பட்டணத்துப் பாட்டுக்காரர்களைப் பற்றிச் சின்னப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தது. கொட்டகைகளில் பெரிய படத்துக்கு முன்னால் பத்து நிமிஷம் ஓடும். ராயபுரத்துப் பேண்டு வாத்தியக்காரர்களை எடுத்தாயிற்று. திருவொற்றியூர்த் தேரடியில் பஜனைக் கோஷ்டியையும் எடுத்தாயிற்று. அடுத்தது முகத்துவாரக்குப்பத்துக் கரையில் வலை இழுக்கிறவர்கள் பாடும் பாட்டு. அது என் யோசனை. கம்பெனியில் என் வேலை விளக்கைத் தூக்குவதும் யோசனை சொல்லாமல் இருப்பதும்தான். இரண்டாவதில் தவறிவிட்டேன்.

டைரக்டர் தண்டபாணிக்கு முகங்கள் வேண்டும், முகங்களுக்குப் பின்னால் கடலும் வேண்டும். வலை இழுக்கிறவர்களோ கடலைப் பார்த்து நிற்பார்கள். கரையிலிருந்து எடுத்தால் முதுகுதான் தெரியும்.

"எத்திராஜ், அவங்களை அப்படியே திருப்பி நிறுத்தப்பா" என்றார்.

நிறுத்தினேன். கால் நனையத் தண்ணீரில் நின்றுகொண்டு, தரையிலிருந்து மீன் இழுக்கப்போகும் உலகத்தின் முதல் கோஷ்டி தயார். ஆனால் வெறும் கயிற்றை வைத்துக்கொண்டு அவர்களுக்குப் பாட்டு எழும்பவில்லை. கையில் கனம் இருந்தால்தானே தொண்டையில் குரல் வரும்? எனக்கு மூளை வேலை செய்தது. கயிற்றின் மறுமுனையை சவுண்டு வண்டியின் பம்பரில் கட்டினேன். பிரேக் போட்டிருக்கும் என்று நம்பினேன்.

பாட்டு வந்தது. அப்படி ஒரு பாட்டு! நாங்கள் கண்ணை மூடி ரசித்துக்கொண்டிருந்தபோது வண்டியும் வந்தது. உள்ளே காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த சவுண்டுக்காரர் ஞானதுரை, அலைச் சத்தம் பிரமாதமாக நெருங்கி வருகிறதே என்று சந்தோஷப்பட்டாராம், செருப்பு நனைகிறவரை.

குப்பத்துக்காரர்களே வண்டியை வெளியே இழுத்துப் போட்டார்கள். சத்தம் பிடிக்கிற மெஷின் உப்புநீரில் குளித்திருந்தது. முதலாளி வேறொரு மெஷினை ஒரே ஒரு நாளைக்கு இரவல் வாங்கிக் கொடுத்தார். அன்றைக்கும் சத்தம் கிடைக்காவிட்டால் மிச்ச பிலிம் ஒரு சோப்புக் கம்பெனி விளம்பரத்துக்குப் போய்விடும். நான் போவது பெரிதில்லை, என்னைப் போல ஆயிரம் பேர் விளக்குத் தூக்குவார்கள். அந்தக் குரல் போய்விடுமே என்பதுதான் கவலை. குரல் கெங்கம்மாவுடையது. வலைக்காரர் வேலப்பனின் மனைவி; கயிறு இழுக்கும்போது முன்னடி எடுத்துக் கொடுப்பவள் அவள்தான். அவள் வாயைத் திறந்தால் முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம் மேய்கிற மாடு திரும்பிப் பார்க்கும்.

சாயங்காலம் அவளிடம் போய் நின்றேன். கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"இன்னா நைனா, வண்டிக்கு ஜல்ப்பு புட்ச்சிக்கிச்சா?"

"நாளைக்கு வேற மெஷின் வருதுக்கா. பாடுவியா?"

"போன மாசம் ஒரு படத்துக்குப் போயிருந்தேன். நம்மள மாரியே பேசிகினு ஒருத்தன் வர்றான். 'சோறு கீதா'ன்னு கேக்கறான், கொட்டாயே சிரிக்குது. பசிச்சுக் கேக்கறான் பாவம், அதுல இன்னா சிரிப்பு?"

"இது அப்டி இல்லக்கா. நானே பக்கத்துக் காலடிப்பேட்டைதான்."

"அதான் பேஜாரா கீது. டைரக்டராண்ட நீ பேசறத கேட்டேனே. 'தாங்கள் அமருங்கள்'ங்கற. வூட்டுல உங்கம்மாவாண்டயும் அப்டித்தான் பேசுவியா?"

எனக்குக் காது சுட்டது. "பாடுவியா, மாட்டியா? ஒண்ணு சொல்லுக்கா."

"காலைல வல எறங்கும்."

"அது ஆமாவா, இல்லையா?"

"அது வல" என்றாள். கூடையைக் கவிழ்த்துவிட்டு ஒரு நிபந்தனையும் போட்டாள். "படம் ஓடற மொத நாளு நானும் கொட்டாய்க்கு வருவேன். எங்க பேச்சக் கேட்டு சிரிச்சானுங்கன்னா நிறுத்திப்புடணும். சர்தானா?"

சரி என்றேன். கம்பெனியில் விசிறியை நிறுத்தக்கூட எனக்கு அதிகாரம் இல்லை என்பதை அவளிடம் சொல்லவில்லை. அன்று ராத்திரியே முதலாளியிடம் ஓடிப்போய், யாராவது சிரித்தால் படத்தை நிறுத்திவிட வேண்டும் என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். "முதல்ல சத்தம் கொண்டா, அப்புறம் நிறுத்தலாம்" என்றார்.

மறுநாள் நிஜ வலை, நிஜக் கடல். டைரக்டருக்கு ஆவேசம் வந்து கேமராவோடு கட்டுமரத்தில் ஏறிவிட்டார். கடலிலிருந்து கரையைப் பார்த்து எடுத்தால் முகம் கிடைக்குமாம். கிடைத்தது, அலையாட்டத்துக் குமட்டலில் அவர் முகம்தான் பச்சையாகிவிட்டது. ஞானதுரை இந்தத் தடவை மெஷினை மண்மேட்டின் உச்சியில் வைத்து, அதைச் சுற்றி என்னை அண்டவிடாமல் கோடு கிழித்திருந்தார்.

கயிறு இறுகிற்று. இரண்டு பக்கமும் ஆட்கள் குதிகாலை மணலில் ஊன்றினார்கள். கெங்கம்மா சும்மா நின்றாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணே, மீன் வருமா?" என்று வேலப்பனைக் கேட்டுவிட்டேன்.

கரையே திரும்பி என்னைப் பார்த்தது. வலை தண்ணீரில் இருக்கிறவரை அந்தக் கரையில் யாரும் எதையும் கேட்கக் கூடாதாம். கேட்டவன் வலை ஏறுகிறவரை கயிறு பிடிக்க வேண்டும் என்பது குப்பத்து வழக்கம். வேலப்பன் கயிற்றை என் கையில் திணித்தார். நான் இழுத்தேன். அதாவது, கயிறு என்னை இழுத்தது. வேட்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

அப்போதுதான் கெங்கம்மா வாயைத் திறந்தாள்.

"பட்டணத்து தொர வந்து கயித்தப் புட்சாரு!"

"ஐலசா!" என்றது கரை.

"கயிறு தொரய புட்சிகினு வுடமாட்டேங்குது!"

"ஐலசா!"

"வேட்டியாச்சும் வுட்டுடுன்னு கெஞ்சிகினு கீறாரு!"

சிரித்துக்கொண்டே இழுத்தார்கள், இழுத்துக்கொண்டே சிரித்தார்கள். அடிக்கு அடி புதிதாகக் கட்டினாள். என் மூக்கு, என் மீசை, எனக்கு இன்னும் கல்யாணம் ஆகாதது, எதையும் விடவில்லை. உள்ளங்கை தோல் உரிந்தது எனக்குத் தெரியவே இல்லை. தொண்டை கிழிய நானும் "ஐலசா" போட்டேன். வலையின் மடி கரையேறியபோது மீன் வெள்ளியாகத் துள்ளியது, கிழவர்கள்கூடக் குதித்தார்கள்.

கேள்வி கேட்கலாம் என்ற நேரம் வந்ததும் மண்மேட்டுக்கு ஓடினேன்.

"சார், சத்தம் விழுந்துச்சா?"

"பிலிமைக் கழுவினால்தான் தெரியும்" என்றார் ஞானதுரை.

"சுமாராவாவது?"

"கழுவினால்தான் தெரியும்."

கழுவினார்கள். சொல்லுக்குச் சொல் விழுந்திருந்தது. ராயபுரத்தில் ஒரு கொட்டகையில் போட்டார்கள். பெஞ்சு டிக்கெட்டில் கெங்கம்மாவும் குப்பத்துப் பெண்களும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நான் சுவரோரம் நின்று திரையைப் பார்க்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் கடல் வந்தது. வேலப்பன் கயிற்றை நீவிக்கொண்டு, "காத்து கொண்டல்ல கீது, வல நல்லா நிக்கும்" என்றார். கொட்டகையில் ஒரு செருமல்கூட இல்லை. எனக்கு மூச்சு வந்தது. அடுத்து நான் வந்தேன், வேட்டியோடு போராடிக்கொண்டு. அவள் குரல் எழும்பியது. மூன்றாவது அடியில் கொட்டகை வெடித்துச் சிரித்தது. தரை டிக்கெட்டிலிருந்து ஒருவன் விசிலடித்தான். இது எந்தச் சிரிப்பு? இருட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது? அடுத்த அடிக்குள் பாதிக் கொட்டகை "ஐலசா" போட ஆரம்பித்திருந்தது. அவள் முகத்தில் அசைவே இல்லை.

விளக்கு வந்ததும் பெஞ்சுகளைத் தாண்டிக்கொண்டு போனேன்.

"அக்கா, சிரிச்சிட்டாங்க. ஆப்பரேட்டராண்ட போயி அடுத்த ஆட்டத்துலேர்ந்து நிறுத்தச் சொல்லட்டா?"

கெங்கம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நிறுத்தாத. அங்க சிரிக்கணும்னுதான் நான் அந்த அடியக் கட்டுனேன், சரியா அங்க சிரிச்சானுங்க. ஓட்டு நைனா."