மூன்றாம் மாடி வராண்டா

டீத் தூக்கோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு போன மதிக்கு மட்டும்தான் அந்தச் சத்தம் கேட்டது. வளையல் உடைவது மாதிரி. குனிந்து பார்த்தாள். வராண்டாவின் தளம் சுவரோடு சேரும் இடத்தில், விரிசலின் குறுக்கே அவள் ஒட்டிவைத்த கண்ணாடித் துண்டு இரண்டாகியிருந்தது. ஒட்டி எட்டு நாள்கூட ஆகவில்லை.

வியாசர்பாடியின் இந்தக் குடியிருப்புதான் அவளுடைய கட்டடக்கலை முனைவர் பட்ட ஆய்வு. கூடப் படிப்பவர்கள் கோயிலையும் அரண்மனையையும் அளந்துகொண்டிருக்க, அவள் தான் பிறந்து வளர்ந்த ஒழுகுகிற வீட்டை எடுத்துக்கொண்டாள். விரிசல் நகர்ந்தால் கண்ணாடி உடையும். தேதி குறித்துக்கொண்டு புதிதாக ஒட்ட வேண்டும். பதினாறு இடத்தில் ஒட்டியிருந்தாள். அவற்றின் மேல் யாரும் சிமெண்ட் பூசிவிடாமல் காவல் காத்தவர் அவளுடைய அப்பா, அவளுக்கு நைனா, வரதன். "எவனாவது கை வெச்சீங்க, கீசிடுவேன். எம் பொண்ணு டாக்டர் பட்டம் இதுலதான் கீது" என்று மாடி மாடியாகச் சொல்லிவைத்திருந்தார்.

அவர்தான் இப்போது உள்ளே பெஞ்சில் கிடந்தார். நேற்று சாயங்காலம் சாத்தாங்காட்டில் இரும்பு லோடு இறக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழவில்லை.

வராண்டாவில் ஐம்பது பேராவது இருந்தார்கள். கீழே பந்தல் போட்டுக் கிடத்தலாம் என்றதற்கு அம்மா குப்பம்மா ஒப்பவில்லை. "ரோட்ல போட்றதுக்கு அவுரு இன்னா அனாதையா? அவுரு பேர்ல கீற வூடு. இங்கேர்ந்துதான் போவணும்" என்றுவிட்டாள். எண்ணூரிலிருந்து அவள் அண்ணன் கோடித் துணியோடு வரும்வரை ஒருவரும் நகரப்போவதில்லை.

மதி தாமோதரனிடம் போனாள். குடியிருப்புச் சங்கத் தலைவர். சாவு விழுந்தால் முன்னால் நிற்பவர்.

"மாமா, எல்லாரையும் கீழ எறங்கச் சொல்லுங்க. வராண்டா தாங்காது."

"நாப்பது வர்சமா தாங்கிகினு கீது. உங்க நைனா சாவுக்கு மட்டும் தாங்காதா?"

"பட்ச்சிட்டா இல்ல," என்றாள் வாசற்படியில் உட்கார்ந்திருந்த அத்தை. "சொந்தக்காரங்க பாரமா பூட்டாங்க."

நாலு பேர் சிரித்தார்கள். கத்திவிடலாம் போலிருந்தது மதிக்கு. என்னவென்று கத்துவது? போன மழையில் ஒரே மாதத்தில் மூன்று கண்ணாடி உடைந்ததையா? வழிகாட்டிப் பேராசிரியர் அப்போது சொன்னார்: "தரவு போதாது. இன்னொரு மழைக்காலம் பார்ப்போம். இப்பவே பயமுறுத்திக் காலி பண்ண வெச்சிட்டா உனக்கு ஆய்வே இருக்காது." ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு சொல்ல அவருக்கென்ன? ஆனால் தலையாட்டியவள் அவள்தான்.

அவள் அளக்கும்போது டார்ச் பிடித்துக்கொண்டிருந்த நைனா ஒருநாள் கேட்டார். "இது வுழுமாம்மா?"

"மொதல்ல நான் முடிச்சிக்கிறேன், நைனா."

அப்புறம் அவர் கேட்கவில்லை. டார்ச்சை மட்டும் பிடித்தார்.

கீழே சாவு மேளம் தொடங்கியது. வேடிக்கை பார்க்கப் பத்துப் பேர் வராண்டாவின் விளிம்புக்குப் போய்க் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தார்கள். மதி தரையில் வைத்திருந்த டீத் தூக்கின் மூடி கிடுகிடுவென்று ஆடியது. மேளத்தால்தான் என்று நினைத்தாள். மேளம் நின்றது. மூடி நிற்கவில்லை.

மதி உள்ளே போய் அம்மாவின் காதருகே குனிந்தாள்.

"ம்மா. நைனாவ இப்பவே கீழ எடுத்துரணும். வராண்டா வுழுந்துரும்."

குப்பம்மா அழுகையை நிறுத்தி அவளைப் பார்த்தாள். "ஒனக்கு எப்போலேர்ந்து தெரியும்?"

"போன மழையிலேர்ந்து."

"அவுருக்கு?"

மதியின் கண் பெஞ்சில் கிடந்தவரிடம் போனது. குப்பம்மாவும் புருஷனின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவர் மார்மேல் வைத்திருந்த கையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"தூக்குங்கய்யா!"

"உங்கண்ணன் இன்னும் வர்லியே குப்பு," என்று பதறினாள் அத்தை.

"கோடிய ரோட்ல போடட்டும். தூக்குங்க!"

எதற்கும் அசையாத கூட்டம் பிணம் கிளம்பினால் அசையும். "வழி வுடுங்க, எல்லாரும் முன்னால எறங்குங்க!" என்று மதி தொண்டை கிழியக் கத்தினாள். படியில் காலடிகள் தடதடத்து இறங்கின. வராண்டா காலியான பிறகுதான் பெஞ்சை வாசலைத் தாண்டவிட்டாள். "நாலே பேர். செவுத்தோரமா வாங்க, வெளிம்புக்குப் போவாதீங்க."

"சாவுலயும் எஞ்சினியர் வேலயா?" என்று முனகிக்கொண்டே தலைமாட்டைப் பிடித்தார் தாமோதரன். சுவரை உரசியபடி பெஞ்ச் போனது. அம்மாவை முன்னால் விட்டு மதி கடைசியாக இறங்கினாள்.

சித்திரை வெயிலில் ரோடு கொதித்தது. பெஞ்சை இறக்கிவைத்த பிறகுதான் எல்லோருக்கும் கால் சுட்டது. செருப்புகள் அத்தனையும் மேலே வாசலில் கிடந்தன.

"ஒரே நிமிசம், நான் போயி அள்ளிகினு வந்துர்றேன்," என்று தாமோதரன் திரும்பினார்.

மதி படிக்கட்டின் வாயில் இரண்டு பக்கச் சுவரிலும் கையை ஊன்றி நின்றாள்.

"நவுரு மே."

அவள் நகரவில்லை. அவள் முகத்தைப் பார்த்தவர் அண்ணாந்து வராண்டாவைப் பார்த்தார். மேளக்காரரும் குச்சியைத் தூக்கியபடியே அண்ணாந்தார். ஐம்பது பேர் ஒரு காலை இறக்கி மறு காலைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். குப்பம்மா மட்டும் இரண்டு காலையும் ரோட்டில் அழுத்தி ஊன்றி, மகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.