அம்முலு பேரில் ஓடுவது

...அந்தப் பெயரை மட்டும் அடிக்காமல் காரியம் முடியுமா என்று இன்னொரு தரம் பார்த்துவிடலாம், முடியாமல் என்ன, கம்ப்யூட்டரில் எல்லாக் கதவையும் திறக்கிற ரூட் அதிகாரம் கையில் இருக்கும்போது இந்த மில்லுக்குள் முடியாதது என்று ஒன்று உண்டா, என்று விஜய் சோதனைச் சீட்டை மறுபடியும் அனுப்பினான், பிரிண்டர் சமர்த்தாகக் கிர்ரென்று இழுத்துத் தாளை வெளியே தள்ளியது, சடையப்பன் ரைஸ் மில், மானாம்பதி ரோடு, உத்திரமேரூர், வண்டியோடு எடை, காலி வண்டி எடை, நெல் எடை, எழுத்துக்கு எழுத்து சரி. இவன் அனுப்பினால் வருகிறது, எடைமேடையில் வண்டி ஏறி நின்று அதுவாகக் கேட்டால் வரமாட்டேன் என்கிறது, இதென்ன அநியாயம், மிஷின் கூட ஆள் பார்த்துத்தான் வேலை செய்யுமா? ஜன்னலுக்கு வெளியே டிராக்டர்கள் கேட்டைத் தாண்டி ரோடு வரைக்கும் நின்றன, நவரைப் பட்டத்து அறுப்பு, எல்லார் நெல்லும் ஒரே சமயத்தில் வந்து சேர்ந்திருந்தது, ஏரிப் பக்கம் வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது, காலையிலிருந்து ஒரு சீட்டு போடவில்லை, வண்டியோடு போடுகிற முதல் எடைக்குச் சீட்டு விழாமல் மூட்டை இறக்க முடியாது. எல்லாரும் இந்தக் கண்ணாடி அறையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஏசி ஓடியும் அவனுக்கு முதுகு வேர்த்திருந்தது.

அம்முலு. அதுதான் அந்தப் பெயர். எடை போடுகிற புரோகிராம் அந்தப் பேரில்தான் ஓடுகிறது. இந்தக் கம்ப்யூட்டரை ஓட்டுகிற லினக்ஸில் இப்படிச் சில கணக்குகள் உண்டு, அவற்றில் ஆள் கிடையாது, வேலை மட்டும் உண்டு, பாஸ்வேர்டு கிடையாது, யாரும் அந்தப் பேரைச் சொல்லி உள்ளே போய் உட்கார முடியாது, ஆனால் ராப்பகலாக அந்தப் பேரில் காரியம் நடந்துகொண்டிருக்கும். சரி, நல்ல ஏற்பாடுதான், யார் வேண்டாம் என்றது, ஆனால் அதற்கு ஒரு பேர் வைக்கும்போது எடை என்று வைக்கலாம், நெல் என்று வைக்கலாம், மில் என்று வைத்தால் யார் கேட்கப் போகிறார்கள், அம்முலு என்று எவனாவது வைப்பானா? ஆல்பர்ட் வைத்திருக்கிறான். இவனுக்கு முன்னால் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன், சென்னையில் பெரிய கம்பெனி கிடைத்ததும் போய்விட்டவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் விஜய்க்கு அது விளையாட்டாகத்தான் இருந்தது, அம்முலு ஓடுது, அம்முலு நின்னுட்டுது என்று அவனே கிண்டலாகத் தனக்குள் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான், கல்யாணம் முடிந்து புள்ளலூருக்கு மறுவீடு போகும் வரைக்கும். அங்கே கூடத்தில் இவனை உட்கார வைத்துவிட்டு மாமியார் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள், "அம்முலு, மாப்ளைக்கு மோர் எடுத்துக்கினு வாம்மா." கட்டின பெண்டாட்டி கீர்த்தி மோரோடு வந்தாள். புது மாப்பிள்ளைக்குப் புரையேறியது, தலையில் தட்டக்கூட நாலு பேர் ஓடிவந்தார்கள், யாருக்கும் ஒன்றும் தெரியாது, இவன் பல மாதமாகத் தினமும் டைப் அடித்த பெயர் மோர்ச் சொம்போடு எதிரில் நின்றது.

அப்போது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? கேட்டால் இவளுக்குத் தெரிந்துவிடும், இவன் வயிறு எரிகிறது என்று, அது தெரிவதைவிட எரிவதே மேல் என்று இருந்துவிட்டான். அவளும் இதே மில்லில் ஆல்பர்ட் இருந்த காலத்திலிருந்து பில் போடுகிற இடத்தில் இருந்தவள், ஏனாத்தூரில் கம்ப்யூட்டர் படித்தவள், முதலாளிதான் இரண்டு வீட்டிலும் பேசிக் கல்யாணத்தை முடித்து வைத்தார், புருஷன் பெண்டாட்டி ஒரே இடத்தில் வேண்டாமே என்று சொல்லி அவளை வேலையிலிருந்து நிறுத்தியது மட்டும் இவன். அவளும் சரி என்று நின்றுகொண்டாள். அத்தனை சுலபமாகச் சரி என்றது ஏன்? ஆல்பர்ட் இல்லாத மில் அவளுக்கும் வேண்டாம் என்றா? சீ, என்ன புத்தி இது... ஆனால் வீட்டுக்குள் மட்டும் கூப்பிடுகிற பேர் வெளியாள் வாய்க்கு எப்படிப் போனது, அவளே சொல்லாமலா, எந்தச் சிரிப்பின் நடுவில் சொன்னாள், அவன் அதைக் கேட்டு, மனசில் வைத்திருந்து, இந்த மிஷினுக்குள் கொண்டுவந்து பத்திரமாக வைத்துவிட்டுப் போயிருக்கிறான், அதைத் தினமும் அடிக்க வேண்டியது கட்டிக்கொண்டவன். கல்யாணத்துக்கு ஆல்பர்ட் ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கி வந்தான், மேடையில் அதைக் கொடுத்தபோது கீர்த்தி பல் தெரியச் சிரித்தாள், ஆல்பத்தில் அந்தப் படம் இருக்கிறது, விஜய் அந்தப் பக்கத்தை மட்டும் இரண்டு பக்கமாகச் சேர்த்துப் புரட்டுவான். கடிகாரத்தில் பேட்டரி தீர்ந்து எத்தனையோ நாளாகிறது, கடைக்குப் போகும்போதெல்லாம் ஞாபகம் வரும், ஞாபகம் வந்தே வாங்காமல் வருவான்.

இன்று காலை நாஷ்டாவுக்கு உட்கார்ந்தபோது அவள் தோசையைத் திருப்பிக்கொண்டே, முகத்தைக் காட்டாமல், "மொதலாளி போன் பண்ணாரு, புது மில்லுக்கு என்னியக் கூப்புடுறாரு, இன்னிக்கே பதில் சொல்லணுமாம், நான் இன்னா சொல்லட்டும்?" என்று கேட்டாள். இவன் பார்க்கலாம் என்றான். அந்தப் பார்க்கலாம் என்பதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கும் தெரியும், தோசை கொஞ்சம் தீய்ந்துதான் தட்டுக்கு வந்தது. புது மில் வாலாஜாபாத் பக்கம் வருகிறது, அங்கே புது எடைமேடை, புதுக் கம்ப்யூட்டர், அதற்கு முதலாளிக்கு ஞாபகம் வந்த ஆள் இவனில்லை, அவள். ஒருவேளை ஆல்பர்ட் சொல்லியிருப்பானோ? முதலாளி இன்னும் அவனோடு போனில் பேசுகிறார் என்று தெரியும், தம்பி நல்லா கீறியா, தம்பி பொங்கலுக்கு வா... தம்பியாம். இவனிடம் மட்டும், இன்னாப்பா இன்னும் ஆவலயா.

"இன்னாப்பா இன்னும் ஆவலயா?" என்று கதவைத் திறந்துகொண்டு முதலாளி சடையப்பனே நின்றார். அவருக்குப் பின்னால் சொக்கம்மாள், முன் வரிசை டிராக்டரில் இருப்பது அவள் நெல், வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு அவள் பிரிண்டரைப் பார்த்தாள், அதன் மேல் கிடந்த சோதனைச் சீட்டுகளைப் பார்த்தாள். "தோ வந்துகினு கீதே இத்தினி சீட்டு, இதுல ஒண்ணக் குடுத்து அனுப்பேன் தம்பி, மானம் இருட்டிக்கினு வருது, நனைஞ்சா யாரு கேப்பாங்க?" அது வெறும் சீட்டும்மா, உன் நெல்லோட எடை அதில் இல்லை, என்று அவளுக்குச் சொல்வதற்குள் முதலாளி செல்போனைக் கையில் எடுத்தார், "ஆல்பர்டுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுடுவமா?" வேண்டாம் என்று விஜய் சொன்ன வேகத்தில் சொக்கம்மாள் மெல்லுவதையே நிறுத்திவிட்டாள். பத்து நிமிஷம் குடுங்க, நானே பாத்துடுறேன் என்று அசடு வழிய இரண்டு பேரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினான்.

நேற்று என்ன செய்தோம், நேற்று வரைக்கும் ஓடியதுதானே... நேற்று சாயங்காலம் மாசக் கணக்கை மூடினான், பழைய சீட்டுகளைக் கட்டி ஒதுக்கிவிட்டுப் புது மாசத்துக்குச் சீட்டு எண் கோப்பு ஒன்றைப் புதிதாகத் திறந்து வைக்கிற வேலை, அதற்கு ஒரு கட்டளை, அதை அம்முலு பேரில் ஓட்டவேண்டும், சூடோ, மைனஸ் யூ, அம்முலு. எப்போதும் பல்லைக் கடித்துக்கொண்டு அடிப்பான். நேற்று ஏனோ கை வரவில்லை, போயும் போயும் நான் எதுக்கு இவன் வச்ச பேரைச் சொல்லிப் பிழைக்கணும், ரூட்டாகவே ஓட்டினால் ஆகாதா என்று ஓட்டினான், சரசரவென்று முடிந்தது, ஒரு சந்தோஷம் கூட வந்தது. அதுவாக இருக்குமா? இருக்காது, இவன் சோதித்தால் எல்லாம் ஓடுகிறதே. இவன் சோதித்தால்... இவன் யாராக இருந்து சோதிக்கிறான்?

ஆகவே வேறு வழியில்லை, அவளாகப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். சாதாரண ஆள் போல நேராக அம்முலு கணக்கில் நுழையப் பார்த்தான், எஸ்யூ, அம்முலு, இந்தக் கணக்கு தற்சமயம் கிடைக்காது என்று திரை கதவைச் சாத்தியது, தெரிந்ததுதான், வாசல் வைக்காமல் கட்டிய கணக்கு. நோலாகின் என்று அதற்குப் பேர், வேலையை விட்டுப் போகிறவர்கள் கணக்கையும் இப்படித்தான் அடைப்பார்கள், கல்யாணமான வாரம் கீர்த்தியின் பழைய கணக்கையும் இவன்தான் தன் கையால் அடைத்தான், அன்றைக்கு அது வழக்கமான வேலையாகத்தான் தோன்றியது. சரி, சுற்றிக்கொண்டு போவோம், சூடோ, மைனஸ் யூ, அ-ம்-மு-லு, ஒவ்வொரு எழுத்தாகக் குத்தினான், கூடவே கட்டளை அடிப்பதற்கு ஒரு ஷெல்லையும் கையில் கொடுத்தான். உள்ளே போய்விட்டான். ஹூ ஆம் ஐ, நான் யார், என்று கேட்டான், அம்முலு என்றது. வெட்கமாக இருந்தது. அதே சோதனைச் சீட்டை அங்கிருந்து அனுப்பினான், உடனே மூஞ்சியில் அடித்தாற்போல வந்தது, அனுமதி இல்லை. எதற்கு அனுமதி இல்லை? சீட்டு எண் கோப்புக்கு. அதன் சொந்தக்காரர் யார் என்று பார்த்தான். ரூட். ரூட்டாகத் திறந்த கோப்பு ரூட்டுக்கே சொந்தமாகிவிட்டது, நேற்றைய சந்தோஷம் அங்கே உட்கார்ந்திருந்தது. அம்முலு பாவம், காலையிலிருந்து ஒவ்வொரு வண்டிக்கும் எண் எழுதப் போயிருக்கிறாள், ஒவ்வொரு தரமும் பூட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறாள், இவன் இந்தப் பக்கம் உட்கார்ந்து எனக்கு ஓடுகிறதே எனக்கு ஓடுகிறதே என்று தாளாக அடித்துக் குவித்திருக்கிறான்.

திரையில் இன்னொரு ஜன்னலைத் திறந்து ரூட்டாகப் போய்க் கோப்பை அம்முலுவுக்கே எழுதி வைத்தான், வெளியே கை காட்டினான், எடைமேடை கேட்டது, பிரிண்டர் இழுத்தது, சொக்கம்மாள் பேர் போட்ட சீட்டு வந்தது. வண்டிகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன, மழை இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருந்தது. முதலாளி கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். அந்தத் தெம்பில்தானோ என்னவோ, அல்லது சற்றுமுன் அந்தப் பேருக்குள் இருந்துவிட்டு வந்ததாலோ, யோசிக்காமல் கீர்த்திக்குப் போன் போட்டான், அவள் எடுத்ததும் எடுக்காததுமாக, இத்தனை நாள் தொண்டையில் நின்றது வெளியே விழுந்தது.

"இந்த மிஷின்ல அம்முலுன்னு பேர் வச்சது யாரு?"

அந்தப் பக்கம் சிரிப்பு. "நான்தான், அதுக்கு இன்னா இப்ப?"

"நீயா?"

"ஆல்பர்ட் அண்ணன் டீ குடிக்கப் போயிட்டாரு, மிஷினு கணக்குக்குப் பேர் கேட்டுக்கினு நின்னுது, எனக்கு ஒண்ணும் தோணல, என் பேரையே அடிச்சி வுட்டேன். அப்பறம் அவரு வந்து பாத்துட்டு, அய்யய்யோ இன்னாமா இதுன்னாரு, மாத்தலாம்னா அதுக்குள்ள எல்லாத்தயும் நான் அது மேலயே போட்டுட்டேன்."

"எல்லாத்தயும்னா?"

"எல்லாத்தயும்தான். எடை, சீட்டு, மாசக் கணக்கு. அண்ணன் எப்படின்னு சொல்லிக் குடுத்தாரு, ஒக்காந்து புரோகிராம் போட்டது நானு. மொதலாளிக்குத் தெரியுமே, உங்களுக்குச் சொல்லலியா?"

அண்ணன். அந்த ஒரு வார்த்தையில் இத்தனை நாள் எரிந்தது பொசுக்கென்று அணைந்திருக்க வேண்டும், அணைந்தது, ஆல்பர்ட் முகம் சட்டென்று சாதாரண முகமாகிவிட்டது, கொஞ்சம் சப்பை மூக்கு கூட, இன்றைக்குப் போகும்போது கடிகாரத்துக்குப் பேட்டரி வாங்கிவிடலாம். அப்படியானால் இது என்ன, இன்னும் அதே இடத்தில், அதே சூட்டில்? நீ வந்தப்புறம் எல்லாம் ஒழுங்கா ஓடுதுப்பா என்று முதலாளி நாலு பேர் எதிரில் முதுகில் தட்டினாரே, அது இவள் போட்டது. இவன் நன்றாகப் பார்த்துக்கொள்கிறான் என்று பேர் வாங்கியதெல்லாம் இவள் பேரில் ஓடிக்கொண்டிருந்தது. அவன் மேல் இருந்த பொறாமை போகவில்லை, ஆளைத்தான் மாற்றிக்கொண்டிருக்கிறது, இப்போது அது தோசை திருப்புகிறவள் மேல் வந்து நிற்கிறது... கட்டினவள் மேல் ஒருத்தன் பொறாமைப்படுவானா, யாரிடமாவது இதைச் சொல்ல முடியுமா?

"இன்னாங்க, இருக்கீங்களா? மொதலாளிக்கு இன்னா சொல்லட்டும்?"

"இருக்கேன், இரு" என்றான். போகச் சொல்வதற்கு முன்னால் தன் கையால் அடைத்ததைத் திறந்துவிடலாம் என்று கீர்த்தியின் பழைய கணக்கைத் திறக்கிற கட்டளையை அடித்தான், எழுத்துப் பிசகாமல் அடித்தான், அனுமதி இல்லை என்றது. திகைத்துப் பார்த்தான். அவன் தப்பு, இந்த ஜன்னலில் இன்னும் அம்முலுவாகவே இருக்கிறான், வெளியே வர மறந்துவிட்டான். அவளாக இருந்துகொண்டு அவள் கதவைத் திறக்க முடியாது, அடைத்தவன் திரும்பி வந்துதான் திறக்கவேண்டும். வெளியேற எக்ஸிட் என்று அடித்தான், என்டர் பொத்தானுக்கு மேல் விரல் நின்றது, போனில் அவள் மூச்சு விடுவது கேட்டது.