தலைகீழாகத் திரும்பிய குறுங்கோள்

அக்காளும் தங்கையும் ஒரே ஆய்வுக்கூடத்தில், ஒரே அறையில், முதுகோடு முதுகு இடிக்க உட்கார்ந்தால் ஆராய்ச்சி நடக்குமா, அடிதடி நடக்குமா? இங்கே இரண்டும் குறைவில்லாமல் நடந்தது.

விண்கலம் அனுப்பும் குறுங்கோளின் படங்களைப் பார்ப்பதுதான் இருவருக்கும் வேலை. அதன் முகமெல்லாம் குழிகள். அவை எப்படி வந்தன என்று யாருக்கும் தெரியாது, அக்காவைத் தவிர. அக்காவுக்குத் தெரியாததுதான் எது?

விண்கலம் இன்னும் ஒரே ஒருமுறைதான் தாழப் பறக்கும். அப்போது கேமராவை எந்தப் பக்கம் திருப்புவது என்று அக்கா சொல்ல வேண்டும். மூன்று வருஷமாகக் காத்திருந்த வாய்ப்பு. அந்த நேரம் பார்த்துத் தங்கைக்குக் கை துறுதுறுத்தது. அக்காவின் திரையில் இருந்த படத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனாள். திருப்பினால் வெளிச்சம் கீழிருந்து விழுவதுபோல் ஆகி, கண் ஏமாந்துபோகும். குழியெல்லாம் மலையாகத் தெரியும்.

திரும்பி வந்தபோது அக்கா தொலைபேசியில் இயக்குநரிடம் கத்திக்கொண்டிருந்தாள். "மலை சார்! வரிசையா மலை!"

அக்கா தொலைபேசியை வைத்ததும் தங்கை பக்கத்தில் போய் நின்றாள். ஒரு நிமிஷம் அக்காவை முழிக்க வைக்கத்தான் நினைத்தாள். ஊர் சிரிக்க வைக்க அல்ல.

"அக்கா, திட்டாத. படத்தைத் திருப்பி வச்சது நான்தான். அதெல்லாம் குழி."

"பாவி! எல்லாரையும் இப்பவே கூட்டத்துக்குக் கூப்பிட்டுட்டாருடி!"

தங்கை படத்தை நேராக்கப் போனாள். அக்கா அவள் கையைப் பிடித்தாள்.

"இரு. மலைங்களுக்கு நடுவுல ஒண்ணு மட்டும் குழியாத் தெரியுது பாரு. குழியெல்லாம் மலையாத் தெரியுதுன்னா, இது என்ன?"

"மலை," என்றாள் தங்கை மெதுவாக. "நிஜ மலை."

"மூணு வருஷமா குழியோட குழியா உக்காந்திருக்கு. நானும் பாத்துட்டுத்தான் இருந்திருக்கேன்!"

கூட்டத்தில் அக்கா எழுந்தாள். "வரிசையா இல்ல சார், ஒண்ணே ஒண்ணு. அவசரப்பட்டுட்டேன். கண்டுபிடிச்சது என் தங்கச்சி. அவளே சொல்லுவா." சொல்லிவிட்டுக் கன்னத்தில் கைவைத்து, வேடிக்கை பார்க்க வசதியாக உட்கார்ந்துகொண்டாள்.

நாலு பேர் முன்னால் வாய் திறந்தறியாத தங்கை எழுந்து, படத்தைத் திருப்பிக் காட்டி எப்படியோ சொல்லி முடித்தாள்.

"திருப்பிப் பாக்கணும்னு எப்படிம்மா தோணுச்சு?" என்றார் இயக்குநர்.

"அக்காவைக் கடுப்பேத்தத்தான் சார்."

இயக்குநர் சிரித்து முடிக்க வெகு நேரமாயிற்று. பிறகு, கேமரா அந்த மலைப் பக்கமே திரும்பட்டும் என்றார். தங்கை உட்கார்ந்ததும் மேசைக்கடியில் அக்கா நறுக்கென்று கிள்ளினாள். நன்றாகவே வலித்தது. ஆனாலும் அத்தனை சந்தோஷமாக அவள் அதுவரை கிள்ளு வாங்கியதில்லை.