அறுபத்தேழு டிகிரி

முளைக்கவைத்து இடித்த பார்லியைப் பையிலிருந்து சுடுதண்ணீர்ப் பானைக்குள் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, அகப்பையால் கிண்டியபடியே இந்திராதேவி வெப்பமானியை உள்ளே பிடித்தாள். மூக்குக்கண்ணாடி ஆவியில் மங்கியது. சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டுப் பார்த்தாள்.

"எத்தினை?" அறைக்குள்ளிருந்து தம்பி ஞானேந்திரன் கேட்டான்.

"அறுபத்தொண்டு."

"அறுபத்தேழு வரோணும். அப்பத்தான் பார்லியின்ரை இனிப்பு இறங்கும். பார்லி எங்கை கிடந்தது?"

"பல்கனியிலை. நீதானே அங்கை வைச்சிருந்தனி."

"ஐயோ அக்கா! இந்தக் குளிருக்கை கிடந்ததை அப்பிடியே கொட்டினால், தண்ணியின்ரை சூட்டையெல்லாம் அது இழுத்திடுமெல்லோ?"

அதை முதலே சொல்லியிருக்கலாம். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தம்பிக்குக் கணையத்தில் புற்றுநோய். இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மனைவி பிரிந்துபோய்க் கனகாலம். அவனைப் பார்க்கத்தான் இந்திராதேவி டொரண்டோவிலிருந்து, பிரெஞ்சு பேசும் அஹுன்ட்சிக் பகுதியில் இருக்கும் இந்த வீட்டுக்கு வந்தாள். சாராயப் போத்தலைக் கையாலும் தொடாதவள், வெள்ளிக்கிழமையும் அதுவுமாகப் பியர் காய்ச்சுகிறாள். "இடிச்சது பழுதாப் போயிடும் அக்கா. இப்ப போட்டால் என்ரை முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குச் சரியா இருக்கும்" என்று காலையில் சிரித்தபடி கெஞ்சியிருந்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"கேத்திலிலை கொதிதண்ணி இருக்கு. கொஞ்சமா ஊத்துங்கோ."

கேத்திலைச் சரித்தாள். பாரம் தாங்காமல் கை வழுக்க, முழுவதும் கொட்டிவிட்டது.

"எழுபது."

"கூடிட்டுது! பச்சைத்தண்ணி விடுங்கோ, கெதியா!"

விட்டாள். குழாய்த் தண்ணீர் ஐஸ்போல இருந்தது.

"அறுபத்திமூண்டு. பானையும் நிரம்பிட்டுது. இனி எங்கை ஊத்திறது?"

"ஒரு கேத்திலைப் பாத்து ஊத்தத் தெரியாதே?"

"நான் என்ன உன்ரை வேலைக்காரியே? சாகக் கிடக்கேக்கையும் உனக்கு இந்தக் குடிதான்!"

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. அடுப்புக்கு மேலே விசிறி இரைந்துகொண்டிருந்தது.

அறைக்குள்ளிருந்து அவன் மெல்லச் சொன்னான்: "அடியிலை கிடக்கிற பார்லியைக் கொஞ்சம் அள்ளுங்கோ. தண்ணி பானையிலையே கிடக்கட்டும். வேறை சட்டியிலை கொதிக்க வைச்சுத் திருப்பிப் போடுங்கோ." மூச்சு வாங்கினான். "தண்ணி கூடாது. சூடு மட்டும் கூடும்."

"பேந்து? பிறகு என்ன செய்யிறது?"

"மூடி வையுங்கோ. பேந்து சொல்லுறன்."

அள்ளிச் சட்டியில் போட்டுக் கொதிக்க வைத்தாள். அடியில் பிடித்துக்கொண்டது. சுரண்டும்போது மணிக்கட்டில் சுட்டது. "சனியன்" என்றாள். கொதித்ததைக் கரண்டி கரண்டியாகப் பானைக்குள் விட்டுக் கிண்டினாள். அறுபத்தைந்து. அறுபத்தாறு.

"அறுபத்தேழு!" என்று கத்திவிட்டு மூடினாள்.

பதில் இல்லை. கோபித்துக்கொண்டு கிடக்கிறான். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு அந்தக் குணம்.

"சரியா வந்திட்டுதெண்டு சொல்லுறன், கேக்கேல்லையே?"

கையைத் துடைத்தபடி அறைக்குள் போனாள். அவன் முகம் கதவுப் பக்கம் திரும்பியிருந்தது. வாய் சற்றுத் திறந்திருந்தது. மார்பு அசையவில்லை.

தினமும் வருகிற நேர்ஸ் வந்து, மார்பில் கருவியை வைத்து வெகுநேரம் கேட்டாள். பிறகு இந்திராதேவியின் கையைப் பிடித்துக்கொண்டு பிரெஞ்சில் ஏதோ சொன்னாள்.

"ஆஃப்டர், வாட்?" என்று கேட்டாள் இந்திராதேவி.

உடலை எடுக்க வருபவர்களைப் பற்றியும் பத்திரங்களைப் பற்றியும் நேர்ஸ் நிதானமாக ஆங்கிலத்தில் விளக்கினாள். இந்திராதேவி தலையாட்டினாள். அவள் கேட்டது அதையல்ல.

குசினிக்கு வந்து பானையைத் திறந்தாள். மேலே தெளிந்து நின்ற தண்ணீரில் ஒரு கரண்டி எடுத்து ஊதி, வாயில் வைத்தாள். சீனி ஒரு துளியும் போடவில்லை. ஆனால் தேன் மாதிரி இனித்தது.

"தம்பி—"

நடையில் நேர்ஸ் தொலைபேசியில் யாருக்கோ ஞானேந்திரனின் பெயரை ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இந்திராதேவி இன்னொரு கரண்டி அள்ளினாள்.