பெரிய சைஸ் கண்ணாடி

தீபத் திருவிழா நெருங்கிவிட்டது, படக்கடை சக்கரவர்த்திக்குக் கால் தரையில் பாவவில்லை. கடையின் பின்பக்கம் அண்டாவில் சலவைச் சோடா போட்ட தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. பச்சையம்மாளும் கஸ்தூரியும் குந்தி உட்கார்ந்து பழைய போட்டோக் கண்ணாடிகளை முக்கி முக்கித் தேய்த்தார்கள். மெட்ராசில் மூடிப்போன ஏதோ ஒரு ஸ்டுடியோவிலிருந்து லாரியில் வந்த சரக்கு அது. அந்தக் காலத்தில் கண்ணாடியிலேயே படம் பிடிப்பார்களாம். மேலே பாலாடைபோல் ஒட்டியிருக்கும் கறுப்பு ஏட்டைக் கழுவித் தள்ளிவிட்டால், அண்ணாமலையார் படத்துக்குச் சட்டம் போட அதைவிட மலிவான கண்ணாடி கிடைக்காது.

"யக்கா, இது இன்னாக்கா ரயிலா? ரோட்டு நடுவுல போவுது, பக்கத்துல மாட்டு வண்டி நிக்குது!" என்று ஒரு கண்ணாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள் கஸ்தூரி.

பச்சையம்மாள் எட்டிப் பார்த்தாள். வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் தெரிந்தன. வானம் கரியாக இருந்தது. அதில் ஒரு கம்பி வெள்ளைக் கோடாக ஓடியது.

"ட்ராம் வண்டிடி" என்றாள்.

அவள் புருஷன் காசி மெட்ராசில் டிராம் கண்டக்டராக இருந்தவன். அம்பத்துமூன்றில் டிராமை நிறுத்தினார்கள். வேலை போய், பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு கீழ்பென்னாத்தூருக்கு வந்து கடலை மண்டியில் மல்லாட்டை மூட்டை தூக்கினான். டிக்கெட் கிழித்துப் பழகிய உடம்பு, மூட்டைக்குத் தாங்குமா? மகள் சரசு தொட்டிலில் கிடக்கும்போதே காய்ச்சலில் போய்விட்டான். அவனுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. "அப்பா எப்டிம்மா இருப்பாரு?" என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்த சரசுவே இன்று ஒரு பிள்ளைக்குத் தாய். பச்சையம்மாள் யாரிடமும் சொல்லாதது ஒன்று உண்டு. கொஞ்ச காலமாக அவளுக்கே அந்த முகம் நினைவில் வருவதில்லை. குரல் வருகிறது, பீடி வாசனைகூட வருகிறது, முகம் மட்டும் வரமாட்டேன் என்கிறது. அந்த ஏக்கம் அவளை உள்ளே தின்றது.

இதுவரை எத்தனை டிராமைத் தேய்த்துச் சாக்கடையில் விட்டோமோ! அன்றிலிருந்து ஒவ்வொரு கண்ணாடியையும் வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் தண்ணீரில் போட்டாள். வேலை பின்தங்கியது.

"இன்னா பச்சையம்மா, சினிமா பாக்கறியா? ஊர்ல வேலைக்கு ஆளா இல்ல?" என்று சக்கரவர்த்தி சத்தம் போட்டுவிட்டுப் போனார்.

"அந்தாளு கெடக்கறாரு. நீ பாருக்கா, நான் தேய்க்கறேன்" என்றாள் கஸ்தூரி. தான் கழுவியதிலிருந்து எடுத்து அக்காவின் அடுக்கில் வைத்தாள். மகராசி.

கடைசிப் பெட்டியின் அடியில் ஒரே ஒரு பெரிய கண்ணாடி இருந்தது. மாலை போட்ட டிராம் ஒன்று. அதன் முன்னால் தொழிலாளிகள் வரிசையாக நின்றார்கள். ஓரத்தில் ஒருத்தன் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தலையை ஒருபக்கமாகச் சாய்த்திருந்தான்.

"யாருக்கா அந்தக் கறுப்பன்?"

"இதுல எல்லாரும் கறுப்புதான்டி. அது... சரசு அப்பா. இப்டித்தான் தலையச் சாச்சிக்கினு நிப்பாரு."

சொன்னதும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். முடி வெள்ளை, முகம் கரி. இன்னும் கொஞ்சம் வெளுத்தால் முகம் தெரிந்துவிடும் போலிருந்தது. அந்தக் கொஞ்சம் மட்டும் வெளுக்கவில்லை.

"ஸ்டுடியோவுல குடுத்தா பேப்பர்ல அடிச்சுக் குடுப்பாங்கக்கா. அப்ப நல்லா தெரிவாரு. எழுந்து போய்க் கேளு" என்று கஸ்தூரி அவளைக் கிளப்பிவிட்டாள்.

சக்கரவர்த்தி முழுக்கக் கேட்டார். கெட்டவர் என்று சொல்ல முடியாது.

"அடப் பாவமே! ஆனா ரைஸ்மில் முதலாளி படம் பெருசா போட்டுச் சத்திரத்துல மாட்டணும். சாயங்காலம் திறப்பு விழா. அந்த சைசுக்கு இது ஒண்ணுதான் இருக்குது."

"ஒரு மணி நேரம் குடுங்க மொதலாளி. ஸ்டுடியோவுக்கு ஓடிட்டு வந்துடறேன்."

"தீப நேரத்துல எவன் ஒடனே அடிச்சுக் குடுப்பான்? வழியில ஒடஞ்சா நான் எங்க போறது? அந்தா, மில்லு ஆளு வந்து குந்திக்கினு கீறான் பாரு. ஒன்னால முடியலன்னா கஸ்தூரி கழுவட்டும். நாளையிலேர்ந்து அவளே வரட்டும்."

பச்சையம்மாள் அந்தக் கண்ணாடியோடு பின்பக்கம் வந்தாள். கஸ்தூரி அதை வாங்கக் கையை நீட்டினாள்.

"வேணாம்டி. நானே கழுவறேன்."

வெந்நீரில் போட்டால் ஏடு கூழாகிவிடும். பச்சைத் தண்ணீரில் துளி சோடா கரைத்து, கண்ணாடியை மெள்ள மல்லாத்தி வைத்துக் காத்திருந்தாள். ஓரம் லேசாகக் கிளம்பியது. கிழியாமல், முழுசாக, ஏடு கண்ணாடியை விட்டு மிதந்தது. டிராமும் மாலையும் மனிதர்களும் தண்ணீரில் ஆடினார்கள். அவள் முழங்கை வரை கையை அடியில் விட்டுத் தூக்கினாள். ஏடு கைமேலேயே ஒட்டிக்கொண்டது.

சக்கரவர்த்தி வந்து கண்ணாடியை எடுத்தார். துணியால் துடைத்து வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார்.

"பேஷ்! ஒரு பொட்டு அழுக்கு இல்ல பாரு" என்று மெச்சிக்கொண்டே உள்ளே போனார்.

பச்சையம்மாள் கையை மடக்காமல் நீட்டியபடி உட்கார்ந்திருந்தாள். காயக் காய ஏடு ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டு வந்தது. கஸ்தூரி தண்ணீரைத் தொட்டுத் தொட்டு வைத்தாள். சுருங்குவது நிற்கவில்லை.