அக்கா சொன்னா சரி

"வாயைத் திறடா கண்ணா" என்றாள் மருமகள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த மாமனார், நரைத்த மீசையும் தானுமாகச் சமர்த்தாகத் திறந்தார்.

மறதி முற்றியதிலிருந்து அவருக்கு அவள் மருமகள் இல்லை. தன்னைத் தூக்கி வளர்த்த அக்கா. அந்த அக்கா போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம். முதல் தடவை 'டா' போடுவதற்குள் அவளுக்கு நாக்கே புரளவில்லை. "ஊர்லயே மாமனாரை டா போடற ஒரே மருமக நீதான்" என்று கணவன் கிண்டலடிப்பான். இன்று அவன் வராந்தாவில் உட்காருவதும் எழுவதுமாக இருந்தான்.

சர்க்கரையில் மாமனாரின் கால் அழுகி, விஷம் மேலே ஏறிக்கொண்டிருந்தது. "காலை எடுத்தா பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம். எடுக்கலைன்னா இன்னிக்கோ நாளைக்கோ" என்றார் டாக்டரம்மா. "அவரால முடிவெடுக்க முடியாது. நீங்க எடுக்கற முடிவும் உங்க ஆசைக்கு இருக்கக் கூடாது. தெளிவா இருந்திருந்தா அவர் என்ன சொல்லியிருப்பாரு, அதான் கேள்வி."

சொல்லித்தான் இருந்தார். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த காலத்தில், கூட வேலை பார்த்தவருக்குக் கால் எடுத்ததைப் பார்த்துவிட்டு வந்து, "என்னை மட்டும் அறுக்க விட்டீங்க, நடக்கறதே வேற" என்று வீடே அதிரக் கத்தினார்.

"அது அப்போ" என்றான் கணவன். "இப்போ என்ன தோணுதோ? நீ அக்காவா கேளு. அவர் சொல்றதையே டாக்டர்கிட்ட சொல்லிடலாம். எங்கப்பாவை நானே சாகவிட்டேன்னு ஆகக் கூடாதுடி."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாரத்தை எப்படித் தள்ளிவிடுகிறான் பார்! இருந்தாலும் உள்ளே போனாள்.

"டேய், காலை எடுக்கணுமாம். எடுத்துடலாமா?"

அவர் சிரித்தார். "நீ சொன்னா சரிக்கா."

காலென்ன, தலையைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார். கொஞ்ச நேரம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு வெளியே வந்தாள்.

"என்ன சொன்னாரு?"

"வேணாம்னுட்டாரு."

மறுநாள் மத்தியானம் மூச்சு அடங்கியது.

வீடு நிறைய ஆட்கள். "அவரே வேணாம்னுட்டாரு" என்று வருகிறவர்களிடமெல்லாம் கணவன் சொல்லிக்கொண்டிருந்தான். நடுவில் சமையலறைக்குள் வந்து கதவைச் சாத்தினான்.

"எப்படிச் சொன்னாரு? கோவமாவா?"

அவள் குழாயை மூடினாள்.

"இல்ல. சிரிச்சுக்கிட்டுதான்."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். புதிதாக வந்தவர்களிடம் அதையும் சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தான்.