கிளாரி கொண்டுவந்த மேசை

கவுன்சில் வண்டி வந்து பழைய சாமான்களை அள்ளிப்போகும் வாரம் என்றால் எனக்கு ஜன்னலை விட்டு நகர மனசே வராது. வீட்டுக்காரர்கள் வாய்திறந்து சொல்லாததை எல்லாம் நடைபாதையில் கிடக்கிற குப்பை சொல்லிவிடும். எதிர்வீட்டு வாசலில் உடற்பயிற்சி சைக்கிள், அட்டைப்பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. மூலைவீட்டு வாசலில் இரட்டை மெத்தை. புருஷன் போய்விட்டான் என்பது எனக்கு முன்பே தெரியும். இப்போது எங்கள் பால்மெய்ன் பேட்டை முழுக்கத் தெரிந்துவிட்டது. வெளியே வைத்தது யாருக்கும் சொந்தமில்லை. பிடித்தவர்கள் எடுத்துக்கொண்டு போகலாம். சிட்னியில் இதற்குச் சட்டம் ஏதும் தேவைப்பட்டதில்லை.

இது தெரியாத ஒரு ஆள் அந்தச் சனிக்கிழமை காலை வந்து சேர்ந்தார். பக்கத்துவீட்டு டோரீனின் தம்பி கிளாரி. ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற புரோக்கன் ஹில்லிலிருந்து ராத்திரி முழுக்க பிக்கப் வண்டி ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். பின்னால் அவர்கள் அம்மாவின் சமையலறை மேசை.

அந்த மேசையின் கதையை டோரீன் சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம். அம்மா செத்ததும் மேசை தனக்கு என்றாள் அவள். தினமும் அதில் சாப்பிடுகிறவன் நான் என்றார் கிளாரி. அதோடு பேச்சு நின்றது. நடுவில் நாலைந்து தடவை கொண்டுவருகிறேன் என்று கடிதம் மட்டும் போட்டுவிட்டு வராமல் இருந்தார். இந்த முறை டாக்டர், கண் பார்வை சரியில்லை, இனி நீண்ட தூரம் ஓட்டக்கூடாது என்று சொல்லிவிட்டாராம். இதுதான் கடைசிப் பயணம். டோரீனோ, "அவன் வந்தாலும் கையை வீசிட்டுத்தான் வருவான், பாரு மெர்ல்" என்று சொல்லிவிட்டு, வேண்டுமென்றே கிளப்புக்குப் புல்தரையில் பந்து உருட்டி விளையாடப் போய்விட்டாள். சாயங்காலம்தான் வருவாள்.

கதவு பூட்டியிருந்தது. எங்கள் தெருவில் ஒரு வண்டி நின்றால் இன்னொன்று மூச்சுவிட முடியாது. பின்னால் மூன்று கார்கள் ஹார்ன் அடிக்க, கிளாரி ஒரு பலகையைச் சாய்த்து மேசையைச் சறுக்கவிட்டு, டோரீன் வாசலில், பழைய சாமான்களுக்கு நடுவில் நிறுத்தினார். வண்டியைக் கொண்டுபோய் தெருக்கோடியில் விட்டவர் திரும்பி வரவில்லை. நான் டீக்குத் தண்ணீரை அடுப்பில் வைத்துவிட்டு வந்து பார்த்தால், படகுத்துறைக் கஃபேயில் காபி போடும் சாஸ்கியாவும் அவள் கூட இருக்கும் பையனும் மேசையைத் தலைகீழாகத் தூக்கி ஒரு வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

அக்காமேல் இருக்கிற கோபத்தில் மனுஷன் மேசையை அவள் குப்பையிலேயே எறிந்துவிட்டுப் போய்விட்டார் என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய செய்தி! இரண்டு பேருக்குப் போன்கூடப் போட்டேன்.

மத்தியானம் கதவைத் தட்டினார் கிளாரி. ஸ்டியரிங்கின் தடம் நெற்றியில் பதிந்திருந்தது.

"அம்மா, இங்க ஒரு மேசை வெச்சிருந்தேன். பாத்தீங்களா?"

"வெச்சீங்களா, எறிஞ்சீங்களா?"

"எறியறதா? அஞ்சு நிமிஷம் கண்ண மூடினேன். அவ்வளவுதான்."

"குப்பை வாரத்துல நடைபாதையில வெச்சா எறிஞ்சதுன்னுதான் அர்த்தம்."

அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். "மேசை இல்லாம நின்னா, இந்தத் தடவையும் நான் கொண்டுவரலன்னுதான் டோரீன் சொல்லுவா. மறுபடி வர எனக்கு லைசென்ஸ் இருக்காது."

எடுத்தது யார் என்று சொல்லி, கோட்டை மாட்டிக்கொண்டு நானும் அவர் வண்டியில் ஏறினேன். நல்ல மனசு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். முடிவு தெரியாமல் வீட்டில் உட்கார்ந்திருக்க என்னால் முடியாது.

சாஸ்கியா லைக்கார்ட்டில் ஒரு பாஸ்தா கடைக்கு மேலே குடியிருக்கிறாள். பக்கம்தான். ஆனால் கிளாரி விக்டோரியா சாலையில் தப்பான பாதையில் நுழைந்துவிட்டார். இந்த ஊரில் பாதை தப்பினால் தப்பினதுதான், திரும்ப விடமாட்டார்கள். ஆன்சாக் பாலம் போச்சு, நகரத்துக் கட்டடங்கள் போச்சு, கடைசியில் துறைமுகப் பாலத்தின்மேல், நடுவில், எல்லோரும் எங்களைத் திட்டிக்கொண்டு முந்திப்போக, ஊர்ந்துகொண்டிருந்தோம். கீழே படகுகள், வெயில், ஒரு பெரிய உல்லாசக் கப்பல்.

"எவ்வளவு தண்ணி," என்றார் கிளாரி.

"ரோட்டப் பாருங்க."

அக்கரையில் மில்சன்ஸ் பாயிண்டில் வண்டியை நிறுத்திவிட்டு, தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். தாடி மழிக்காத கன்னம் தொங்கிப்போயிருந்தது.

"இப்படியே வண்டியத் திருப்பி ஊருக்குப் போயிடலாமான்னு இருக்கு."

"போங்க. என்னை எங்க எறக்கிவிடுவீங்க? குப்பையிலயா?"

அவர் விட்டது சிரிப்பா பெருமூச்சா தெரியவில்லை. வண்டி கிளம்பியது.

சாஸ்கியா பைஜாமாவோடு வந்து கதவைத் திறந்தாள். "அந்த மேசையா? மாடிப்படி திருப்பத்துல சிக்கிடுச்சு. சுவத்துல ஓட்டையே போட்டுட்டோம். அதான் கீழ வெச்சுட்டேன். மீன் படம் போட்ட வேன்காரர் ஒருத்தர் எடுத்துட்டுப் போனார். மாரிக்வில் மீன்கடை. உங்களோடதா? ஐயோ, சாரி. காபி போடட்டுமா?"

"வேணாம்மா," என்றார் கிளாரி. "குடிச்சா முழிச்சுக்குவேன்."

மாரிக்வில் போய்ச் சேர்ந்தபோது சனிக்கிழமைக் கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டிருந்தது. ரொட்டிக்கடை வாசலில் வரிசை, துணிக்கடை வாசலில் சண்டை. இன்னொரு நாளாக இருந்தால் அந்தச் சண்டைக்கு என்ன காரணம் என்று கேட்காமல் நகர்ந்திருக்க மாட்டேன். மீன்கடைக்காரர் பெயர் குவோக். கடைக்குப் பின்னால், தகரக் கூரைக்குக் கீழே, மேசை நின்றது. அதன்மேல் மூன்று பெரிய மீன்களும் ஒரு வாளி ஐஸும்.

"ரோட்ல கெடந்துச்சு, எடுத்தேன்," என்றார் குவோக். "நல்ல கட்டை. ஆடாது. இந்த மாதிரி எனக்கு எங்க கெடைக்கும்?"

"இது அவங்க அம்மாவோடது," என்றேன்.

"எல்லாச் சாமானும் யாரோ ஒரு அம்மாவோடதுதான். நீங்க இவருக்கு யாரு?"

"பக்கத்து வீடு."

"அப்ப நீங்க ஏன் இவ்வளவு சத்தம் போடறீங்க?"

நான் அதற்குப் பதில் தயார் பண்ணுவதற்குள் கிளாரி ஒரு மீன்பெட்டியை இழுத்துப் போட்டு மேசை ஓரமாக உட்கார்ந்தார். கையை மடக்கி வைத்தார். தலையைச் சாய்த்தார். அப்படியே தூங்கிவிட்டார், ஒரு மீனின் வாலுக்குப் பக்கத்தில்.

குவோக் கத்தியோடு கொஞ்சநேரம் நின்றார். வாடிக்கையாளர் ஒருத்தி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

"எப்ப எந்திரிப்பாரு?"

"மேசையோடதான் எந்திரிப்பாரு."

குவோக் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மீன்களைத் தூக்கி வேறு தட்டில் போட்டார். குழாயைத் திறந்துவிட்டு மேசையைக் கழுவவும் செய்தார். அதில் பாதித் தண்ணீர் கிளாரிமேல் விழுந்ததால்தான் அவர் எழுந்தார். ஏற்றிவிட்டுக் கயிறு கட்டியதும் குவோக்தான். "உங்கக்கா வேணாம்னு சொன்னா எங்கிட்டயே கொண்டாங்க," என்றார்.

பால்மெய்ன் திரும்பும்போது டோரீன் வெள்ளைச் சீருடையும் தொப்பியுமாக வாசலில் நின்றிருந்தாள். நான் போட்ட போன்களில் ஒன்று கிளப்புவரை போய்விட்டது போலிருக்கிறது.

"மேசைய என் வாசல்ல கொண்டுவந்து குப்பையில எறிஞ்சியாமே?"

"எறியல. யாரு சொன்னா?"

நான் கயிற்றை அவிழ்ப்பதில் மும்முரமாகிவிட்டேன்.

டோரீன் மேசையை ஒரு சுற்றுச் சுற்றினாள். தடவினாள். கையை முகர்ந்தாள். "ஏன்டா மீன் நாறுது?"

"அது பெரிய கதை. மொதல்ல உள்ள வெச்சிடலாம்."

உள்ளே போகவில்லை. நிமிர்த்திப் பார்த்தோம், சாய்த்துப் பார்த்தோம், கால்களை முன்னால் விட்டுப் பார்த்தோம். துறைமுகத் தொழிலாளிகளுக்குக் கட்டிய வீடுகள் இவை. கதவு ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையும் அளவுதான். நிலைப்படியில் பெயிண்ட் உரிந்ததும் டோரீன் நிறுத்தச் சொன்னாள்.

"ஊர்ல நம்ம வீட்டுக் கதவும் இதே அளவுதானே? அங்கேருந்து எப்படி வெளிய எடுத்த?"

"ஜன்னலக் கழட்டித்தான்."

"சமையக்கட்டு ஜன்னலா? அப்பா வெச்சதா?"

"ம்."

"திரும்ப யார் மாட்டினா?"

கிளாரி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "இன்னும் மாட்டல. ஒரு போர்வையத் தொங்கவிட்டுட்டு வந்திருக்கேன்."

டோரீன் உள்ளே போய் இரண்டு நாற்காலிகளைத் தூக்கி வந்து, நடைபாதையிலேயே, மேசையின் இரண்டு பக்கமும் போட்டாள். ரொட்டி, குளிர்ந்த ஆட்டுக்கறி, ஊறுகாய் வந்தன. சாப்பிட்டார்கள். நான் வீட்டுக்குள் போய் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டேன். கடைசிப் படகு ஊதுகிற சத்தம் ஒருபக்கம், எதிர்வீட்டு டிவி ஒருபக்கம். பல வருஷம் கழித்து அக்காவும் தம்பியும் பேசுகிறார்கள், ஒரு வார்த்தை காதில் விழவில்லை.

"மெர்ல்," என்று டோரீன் திரும்பிப் பார்க்காமலே கூப்பிட்டாள். "கழுத்து சுளுக்கிக்கப் போகுது. நாற்காலி எடுத்துட்டு வா."

போனேன். போய் உட்கார்ந்ததும் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். டோரீன் தன் வீட்டு முன்ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதக் கழட்டினா மேசை உள்ள போகுமாடா?"

"போகும்."

"இப்பவா?"

கிளாரி ரொட்டியை மென்று முடித்தார். "நாளைக்கு."

"சரி, நாளைக்கு," என்று சொல்லி அவர் தட்டில் இன்னொரு துண்டு கறியை வைத்தாள்.